தேதிக்குக் கீழே

பெனின்சுலா பிளாசா, இரண்டாம் மாடி.
குவெக் தட்டில் மூன்று செம்புக் காசுகளைக் கவிழ்க்கிறார்.
ஒரே வருடம், 1866.
ஒரே அரசன்; மீசை மட்டும்
வெவ்வேறு கைகளில் தேய்ந்திருக்கிறது.

“ராஜாவை விடு. ஆண்டுக்குக் கீழே பார்.”
லென்ஸை நீட்டுகிறார்.
களிம்புக்கு நடுவே எள்ளளவு எழுத்து.
எம் என்றால் மிலான்.
என், நேப்பிள்ஸ்.
டி, தூரின்.

“நானும் டி!” என்கிறாள் நறுமுகை.
பிறந்த வாரமே அவள் அடையாள எண்ணுக்கு முன்னால்
அதைப் பொறித்துவிட்டார்கள்.
அவள் அப்பா எஸ்.
நான் பதினோரு வருடமாய் ஜி.
கைப்பையில் உரசி உரசி
அட்டையில் என் முகம் மங்கிவிட்டது.
எழுத்து அப்படியே இருக்கிறது.

“துடைக்காதே!”
குவெக் என் விரலைத் தடுக்கிறார்.
காசைத்தான் சொல்கிறார்.
“பளபளப்பாக்கினால் பாதி விலை.”

ஆர் இல்லையா, ரோமுக்கு?
கேட்டது நான்தான். தலைநகராயிற்றே.

அவர் சிரிக்கவில்லை.
“இந்த வருஷத்திலா?
ரோம் அப்போது இத்தாலிக்குள்ளேயே வரவில்லை.
இன்னும் நாலு வருஷம் கிடந்தது.”

நேப்பிள்ஸை வாங்கிக்கொண்டேன்.
விளிம்பில் ஒரு வெட்டு;
இரண்டு வெள்ளி குறைத்தார்.