கனம்

அடிமட்டத்தில் ஒரு அங்குலம் குறித்துக்
கம்பளி இழையைச் சுற்றுகிறேன்,
இறுக்காமல், இடைவெளியும் விடாமல்,
ஒன்றையொன்று தோள்தொட்டு நிற்கும்படி.
தடித்தது எட்டுச் சுற்று.
நடுத்தரம் பதினாலு.
மெல்லியதை இருபத்திரண்டு வரை எண்ணினேன்,
பிறகு வியர்வை கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

உப்புவெளியில், சித்திரை வெயிலில்
கம்பளி நெய்கிறாளாம் என்று
பக்கத்துச் சைக்கிள் கடையில் சிரிப்பு.
என் தறிக்கும் சிரிப்புத்தான்.
சாரமும் துவாயும் தவிர வேறறியாத அச்சு,
அதன் பற்களுக்குள் தடித்த இழை நுழையவேயில்லை.
தம்பலகாமத்தில் சாக்குத் தறிக்காரனிடம்
அகலப் பல் அச்சொன்று இரவல் வாங்கிவந்தேன்.

கேட்டவள் நுஸ்ரா.
கொட்பேயில் மீன் குளிரறையில் பெட்டி எண்ணுகிறாள்.
பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு.
கொம்பனி கொடுத்த கோட்டில்
பேனை பிடிக்க முழங்கை மடங்குதில்லையாம்.
"கனமா இருக்கோணும் அக்கா" என்றாள்.
படலையில் திரும்பி,
"ஆனா கனக்கக் கூடாது."

சாண் அகலத்தில் இரண்டு மாதிரி நெய்தேன்.
வெந்நீரில் சவர்க்காரம் போட்டுக் கசக்க
தடித்தது கால்மிதியாகிவிட்டது.
நடுத்தரம், நான் வேண்டுமென்றே ஐதாக விட்டது,
மயிரோடு மயிர் பிணைந்து
மெல்லக் கண் மூடிக்கொண்டது.

நம்பிக்கை வரவில்லை.
காவலாளியின் கொப்பியில் கையெழுத்துப் போட்டு
நானே உள்ளே போனேன்.
இடக்கையில் தடித்தது, வலக்கையில் நடுத்தரம்,
ஊசி குத்தி.
அறக்குளா, சூரை,
பிறகு பெயர் தெரியாத கண்கள்.
இடப்பக்கம் துணி மரக்கட்டையாய் நின்றது;
அதற்கும் தோலுக்கும் நடுவே
குளிர் தாராளமாக ஏறியது.
வலக்கை மடங்கியது.
மடங்கிய இடத்திலும் சூடு இருந்தது.
நூலில் இல்லை அந்தச் சூடு.
நூலுக்கும் நூலுக்கும் நடுவே
வெளியேற வழி தெரியாமல் நின்ற
உப்புவெளிக் காற்றில்.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது.
ஒன்றும் தெரியாமலே சிட்டையில் எழுதினேன்:
நடுத்தரம். சுற்றில் பாதி, அதிலும் ஒன்று குறைத்து,
அங்குலத்துக்கு ஆறிழை.
ஒன்றேகால் கிலோ.
நிறம் கேட்க மறந்திருந்தேன்.

"மீன் ரத்தம் தெரியாத நிறம்"
என்றாள் கதவிடுக்கால்.
பிறகு விட்ட இடத்திலிருந்து,
நூற்றிப் பதினொண்டு,
நூற்றிப் பன்னிரண்டு.