படிவம் ஏழு, பத்தி நான்கு

நாற்பத்து மூன்று ஆய்வுத் திட்டங்கள்.
உங்கள் ஆய்வால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு உண்டா?
இல்லை. இல்லை. இல்லை.
நாற்பத்திரண்டு படிவங்களும்
வெயிலில் காயப்போட்ட கருவாடு மாதிரி
ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன.

கடைசி ஒன்றில் மட்டும் இடம் போதாமல்
இரண்டு தாள் சேர்த்துக் குத்தியிருந்தது.
போய்ப் பார்த்து வா என்றார்கள்.

நான் கணக்குப் பிரிவு.
ஆறு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
பாலம் வந்தால் மூக்கைப் பொத்துவது.

முதுநகரில் இறங்கி, ஐஸ் ஃபேக்டரி தாண்டி,
கூடைக்காரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போனால்
உப்பனாற்றங்கரையில் தகரக் கூரை ஆய்வுக்கூடம்.
ஆய்வாளர் ஜமீலா என் சட்டையைப் பார்த்து
"பாலியெஸ்டரா?" என்றார்.
பருத்தி அங்கி ஒன்றைக் கொடுத்து
மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார்.
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

மடவை மீனின் குடலில்
பிளாஸ்டிக் இழை எண்ணுகிற வேலை அவருக்கு.
மூன்று வருடம். கொன்றது: ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
"சேகரித்தது என்று போடலாமே," என்றேன்.
"போடலாம். மீன் படிக்கப்போவதில்லை."

அப்புறம் கையுறை, எடை போட்டு.
ஃபார்மலின் முப்பது லிட்டர்;
அதில் ஆறு லிட்டர் கைகழுவும் தொட்டியில் போனது,
போன தேதியோடு.
பக்கத்து அறையில் உறைபெட்டி
யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும்
நெய்வேலிக் கரியைத் தின்று உறுமுகிற கணக்கு.

ஒரு போத்தலை எடுத்துக் காட்டினார்.
ஆற்று நீரே படாதது. வடித்த நீர் மட்டும்,
ஒப்பீட்டுக்கு.
உருப்பெருக்கியில் குனிந்தேன்.
நீலமாய் ஒன்று சுருண்டு கிடந்தது.
"என் துப்பட்டா.
பக்கத்தில் அந்தச் சிவப்பு, படகுக் கயிறு."
"இதை என்ன செய்வீர்கள்?"
"ஆற்றின் கணக்கிலிருந்து எங்கள் பங்கைக் கழித்துவிடுவோம்.
அதுதான் முறை.
கட்டுரையில் நாங்கள் இருக்க மாட்டோம்."

கழித்தது எங்கே போகும்?
இருபத்தாறு வருடமாக
வவுச்சர்களைப் பார்த்து நான் கேட்கிற கேள்வி.
அவர் பத்தி நான்கைத் தொட்டுக் காட்டினார்.

வெளியே படகில் தேசிங்கு.
"காணாப்போன வலைய எழுதினீங்களா மேடம்?"
ஐப்பசி மழையில் அறுத்துக்கொண்டு போனதாம்.
"ஆராய்ச்சி முடிஞ்சது அதுக்கு யாரு சொல்லுவா?
இன்னும் புடிச்சிக்கிட்டுதான் கெடக்கும்."

அவர் எழுதியிருக்கவில்லை.
முகம் அப்படியே இறங்கிவிட்டது.

நீர் வற்றும் நேரம் பார்த்து மூவரும் போனோம்.
அக்கரையில் ஆலைப் புகைபோக்கிகள்,
அவற்றுக்கு எந்தப் படிவமோ, நான் கேட்கவில்லை.
கண்டல் வேர்களுக்குள் வலை கிடந்தது,
நண்டு ஓடுகள், மீன் முள்,
இறக்கை விரித்தபடி காய்ந்துபோன நீர்க்காகம்.
அறுத்து அறுத்து எடுத்தோம்.
உயிரோடு இருந்தது ஒரே ஒரு கழிநண்டு.
தேசிங்கு சூரிக்கத்தியால் விடுவித்ததும்
கொடுக்கில் ஒரு முழ நைலானைப் பற்றிக்கொண்டே
சேற்றுக்குள் இறங்கிவிட்டது.

ஜமீலா முழங்காலில் தாளை வைத்து எழுதினார்:
வலை மீட்க டீசல், இரண்டரை லிட்டர்.
நைலான், ஒரு முழம். திரும்பவில்லை.

விதிப்படி,
"உண்டு" என்று எழுதியவர்களுக்கு
விளக்கம் வரும்வரை அடுத்த தவணை நிறுத்திவைப்பு.
"இல்லை"க்கு உடனே பணம்.

கோப்பில் குறிப்பு வைத்தேன்:
இந்த ஒன்றுக்குப் பணம் விடுவிக்கலாம்;
மற்ற நாற்பத்திரண்டையும் திருப்பி அனுப்பலாம்.
மேலதிகாரி பச்சை மையில்
ஒரு சொல் எழுதி இறக்கினார்:
பேசவும்.

இன்னும் பேசப் போகவில்லை.
போக வர எண்பது கிலோமீட்டர் பேருந்து,
அந்த மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தின் தாள்,
துவைக்கும்போதெல்லாம் உதிர்கிற என் சட்டை.
எனக்குப் படிவம் கிடையாது.
கோப்பின் பின்னட்டையில்
பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.