ஆழ்கடல் அஞ்சல்: தாமதமாக ஒரு மதிப்புரை

இருபத்தாறு பகுதிகள்.
இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன்,
இந்த முறை அடியில் எனக்குப் புரியும் எழுத்து ஓட.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கடல் என்று நாலே நாலு ஓவியம்,
அதையே திரும்பத் திரும்ப அசைத்திருக்கிறார்கள்.
தபால் அதிகாரி ஆக்டோபஸுக்குப்
பதினொன்றாம் பகுதியில் மட்டும் ஏழு கை,
யாரோ எண்ண மறந்திருக்கிறார்கள்.
பதினாலிலிருந்து பதினேழு வரை சுத்த இழுவை.

யீஷூனில், ஒன்பதாம் மாடியில்,
மூவறை வீட்டுக் கூடத்தில்,
எனக்கு ஏழு வயதாக இருந்தபோது
இந்தத் தொடரில் குறையே இல்லை.

சனிக்கிழமை காலை சீன ஒளிவழியில் வரும்.
ஜப்பானியச் சிறுமி மாண்டரினில் பேசுவாள்.
எங்களுக்குத் தெரிந்த சீனம்
'கோப்பி ஓ கொசோங்' மட்டும்தான்;
அதிலும் பாதிக்கு மேல் மலாய்.
ஆனால் செழியனுக்குப் பதினொரு வயது.
அவன் மொழிபெயர்ப்பான்,
மைலோ குவளைக்குள் வாயை வைத்து,
கடலுக்கடியிலிருந்து வருவது போல.

நீர்மூழ்கி ஓட்டும் அஞ்சல்காரி நாகிசா
அவன் தமிழில்
எம்ஆர்டி அறிவிப்பு மாதிரிப் பேசினாள்:
"சுறா வந்துகொண்டிருக்கிறது,
கவனத்தில் கொள்ளவும்."
வில்லன் திமிங்கலம்
நகர மன்றத்திலிருந்து வந்தவன்.
நடைபாதையில் சைக்கிள் வைத்தால்
விழுங்கிவிடுவான்.

எதிர்வீட்டு ஜுன் ஹாவ் ஒருநாள்
லிஃப்டில் வைத்துச் சொன்னான்,
உன் அண்ணன் சொல்ற கதை வேற கதை என்று.
அவன் செருப்பில் ஒன்றைக் கால்வாயில் போட்டேன்.
ஜுன் ஹாவ், மன்னித்துவிடு.
நீ சொன்னது சரிதான்.

பதினொன்றாம் பகுதிக்கு வருகிறேன்.
நாகிசாவின் பையில் ஒரு கடிதம்.
பெயர் அவள் அப்பாவுடையது,
தீவின் பெயர் அவள் கேள்விப்படாதது.
கதவைத் திறப்பவள் வேறொரு பெண்.
உள்ளே மேசைமேல் மூன்று கிண்ணம்,
ஒன்று மிகச் சிறியது.
அப்பா எழுந்து நிற்கிறார்.
நாகிசா பேனாவை நீட்டுகிறாள்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
"நன்றி" என்கிறாள்.
அவ்வளவுதான் வசனம்.
நாலு தடவை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன்,
அவ்வளவேதான்.

அன்று செழியன் சொன்னது:
"அப்பாவுக்கு இங்கதான் நைட் ஷிஃப்ட்.
கப்பல் ரிப்பேர்.
அந்த அக்கா கேன்டீன்ல வேல பாக்குறாங்க.
லீவு குடுக்க மாட்றாங்க,
அதான் வீட்டுக்கு வர முடியல."

நான் தலையாட்டினேன். நியாயமாகப் பட்டது.
எங்கள் அப்பாவுக்கும் துவாஸில்
அப்போது நைட் ஷிஃப்ட்,
ஏழு மாதமாக.
சமையலறையில் குழாய் திறந்தே கிடந்தது.
அம்மா கழுவிய தட்டையே
கழுவிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஓர் ஒப்பீடு.
அடுத்த வருஷம் பாசார் மாலாமில்
பத்து வெள்ளிக்கு மூன்று விசிடி வாங்கினோம்.
மேசைப்பந்து ஆடும் பையன்களின் தொடர்.
ஆங்கில எழுத்து ஓடியது, நான் வாசிக்கப் பழகியிருந்தேன்,
செழியன் பேச வேண்டியிருக்கவில்லை.
மிக நல்ல தொடர் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.
எனக்கு ஒரு காட்சிகூட ஞாபகமில்லை.

ஆக, மதிப்பெண்.
ஓவியத்துக்கு இரண்டரை.
இசைக்கு நாலு, அந்த ஹார்மோனிக்காவுக்காக.
கதைக்கு என்ன போடுவது?
எந்தக் கதைக்கு?

செழியன் இப்போது பெர்த்தில்.
அங்கே மணி ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான்.
அனுப்பினேன்:
"பதினொண்ணாவது பகுதி என்னன்னு
உனக்கு அப்பவே தெரியுமா?"
இரண்டு நீலக் குறி விழுந்தது.
துணி காயப்போட்டுவிட்டு வந்தும் பதில் இல்லை.
பிறகு வந்தது:

"பதினொண்ணா?
அன்னிக்கு நம்ம டிவி ரிப்பேர்.
பாக்கவே இல்லியே."

அதன் கீழே, கொஞ்சம் கழித்து:

"ஆனா அந்த ஏழு கை ஆக்டோபஸ்
செம காமெடி, இல்ல?"