கொண்டல் நேரத்தில் திறப்பு விழா

வெளிநாட்டு நிறுவனருக்கு அரசு தருவது:
ஓராண்டு விசா,
பதினைந்து லட்சம், மூன்று தவணையில்,
மஞ்சக்குப்பத்தில் ஏ.சி. போட்ட அறை,
கூடவே நான்.
தொடர்பு உதவியாளர். ஒப்பந்த அடிப்படை.
பயணப்படி தனி.

அவள் பெயர் தமுனா. நாடு ஜார்ஜியா.
படிவத்தில் அமெரிக்கா என்று ஏறிவிட்டது.
மூன்று மனு கொடுத்தாள்,
மூன்றுக்கும் ரசீது வந்தது.
கதவுப் பலகையிலோ
யமுனா என்று எழுதியிருந்தார்கள்.
என்ன அர்த்தம் என்று கேட்டாள்.
ஆறு, என்றேன்.
எங்கே ஓடுகிறது?
இங்கே இல்லை.
அதை மட்டும் அவள் மாற்றச் சொல்லவில்லை.

அவள் செய்திருப்பது ஒரு மூக்கு.
சோப்புப் பெட்டி அளவு, உள்ளே எட்டுச் சில்லுகள்.
காற்றை முகர்ந்து எண்ணாகச் சொல்லும்.
எண்ணுக்குப் பெயர் வேண்டும் என்றாள்,
பெயர் தெரிந்தவர்களிடம் கூட்டிப் போ.

உப்பனாற்றைத் தாண்டினோம்.
தொழிற்பேட்டைக்கும் கடலுக்கும் நடுவே
ஒடுங்கிக் கிடக்கிற தெரு.
தையல் கடை விசயராணி
மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமல் சொன்னாள்:
ராத்திரி பத்துக்கு மேல நகப்பூச்சு.
ரெண்டு மணிக்கு அழுகின முட்டை.
செவ்வாக்கிழமையில கருகின வெல்லம்,
அது வந்தா சின்னவன் வாந்தி எடுப்பான்.
அப்புறம் ஒண்ணு இருக்கு.
அதுக்குப் பேரு இல்ல.
வந்தா ஜன்னலச் சாத்துவோம், அவ்வளவுதான்.

தமுனா எழுதிக்கொண்டாள்
அவள் ஊர் எழுத்தில்.
வட்டமும் சுழியுமாக, நம் எழுத்துக்கு
ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது.
கடைசி வாசனைக்கு
ஜன்னல் என்றே பெயர் வைத்தாள்.

அதன்பிறகு நாற்பது இரவுகள்.
பன்னிரண்டு கம்பங்களில் பன்னிரண்டு பெட்டி.
கச்சான் எழும்பும்போதெல்லாம்
என் போன் முனகும்.
நகப்பூச்சு 61.
முட்டை 88.
ஜன்னல். ஜன்னல். ஜன்னல்.
ஆறு கிலோமீட்டர் தள்ளி, வாடகை வீட்டில்,
எழுந்து போய்
என் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

புத்தாக்க மையத்தின் திறப்பு விழா
பிற்பகல் மூன்று மணி என்று அழைப்பிதழ்.
மூன்று மணிக்குக் கொண்டல் அடிக்கும்,
கடல் காற்று எல்லாவற்றையும்
மேற்கே தள்ளிவிடும் என்று
துறைமுகத்தில் கூடை தூக்குகிறவர்களுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தியது நான்தான்.
யமுனாவை அப்படியே விட்டேன்.
மூன்று மணியையும்.

நல்ல காற்று. சால்வைகள் பறந்தன.
சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்த
திரையில் பன்னிரண்டு பெட்டிகளும்
சுழியம் காட்டின.
கைதட்டல்.
இது கருவியின் வெற்றி என்றார் ஒருவர்.
இல்லை, காற்றின் வெற்றி என்றார் இன்னொருவர்.
இரண்டாம் தவணைக்கு மேடையிலேயே கையெழுத்து.
தமுனா மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தாள்.
மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், என்றேன்.
எதற்கு?
அதற்குள் முறுக்கும் காபியும் வந்துவிட்டது.

மூன்றாம் தவணைக்கு ஒரு நேரடி ஆய்வு உண்டு.
படிவத்தை அவளே நிரப்பினாள்,
நான் சொல்லிக்கொடுத்த தமிழில், எழுத்துக் கூட்டி.
இடம்: விசயராணி தையலகம்.
நேரம்: இரவு இரண்டு.

கண்காணிப்பாளர் இரவைச் சிவப்பில் வட்டமிட்டு
பிழை பார்க்கவும் என்று
என் மேசைக்கு அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன்.
மற்ற கோப்புகளுக்கு அடியில் வைத்தேன்,
மேலே எடுத்தேன், மறுபடி அடியில்.
ஐந்தே முக்காலுக்கு, மின்விசிறியை நிறுத்தும்போது,
பிழை எதுவும் இல்லை என்று எழுதினேன்.
பிறகு உட்கார்ந்து
பயணப்படி விண்ணப்பத்தையும் நிரப்பினேன்,
இரவுக்கு.