தொள்ளாயிரத்து எண்பது கிராம்

கூரியர்காரர் பெட்டியை நீட்டியபோது
உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.
அமல்தாஸ் நம்பாமல்
மீன் தராசில் வைத்துப் பார்த்தான்:
தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
"கிலோ நகரைக்கே இருபது குறையுது.
இதுலயா ஒனக்குச் சம்பளம்?"

தங்கச்சிமடத்தில் கச்சான் காற்று.
ஆனி கடைசியில் இங்கே எதற்கும் பாரம் வேண்டும்.
திறந்து வைத்த லேப்டாப் திரை
தானாக மடிந்து என் விரல்மேல் விழுந்தது.
வலையில் கழன்ற ஈயக்குண்டு நாலைக்
கந்தல் துணியில் முடிந்து
பின்பக்கம் முட்டுக் கொடுத்தேன்.
செதில் வாடை அடித்தது,
துணியிலா பெட்டியிலா, தெரியவில்லை.

துரைப்பாக்கம் அலுவலகத்திலிருந்து பிரணவ் பேசினான்.
முகம் பார்த்ததில்லை.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால்
ஒரு மிடறு டீச் சத்தம்.
"வீபிஎன் போட்டாத்தான் உள்ள விடும் மேடம்.
சுரங்கம் மாதிரி.
நீங்க அங்கயே இருப்பீங்க, ஆனா இங்க இருப்பீங்க."

சர்வர் பெயர் போட்டேன்.
கடவுச்சொல்லில் ஒரு டாலர் குறி, ஒரு பெரிய எழுத்து,
மூன்று சைபர், அது ஓ இல்லை, சைபர்.
பூட்டுப் படம் சுழன்று சுழன்று
சிவப்பாகி நின்றது.
மறுபடி போட்டேன்.
மறுபடி சிவப்பு.

போனுக்குக் கிழக்குச் சன்னலில் முழு சிக்னல்,
ஆனால் அது அக்கரை டவர்.
இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி வரும்,
கட்டணம் தனி என்று அடுத்த செய்தி வரும்.
வடக்குச் சன்னலில் ஒற்றைக் கோடு.
கொக்கியில் பாலித்தீன் பை மாட்டி
அதற்குள் போனைத் தொங்கவிட்டேன்.
ஊஞ்சல் ஆடியபடி இணையம் கொடுத்தது.

"என்ன பிழை வருது, வாசிங்க மேடம்."
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.
டீச் சத்தம் நின்றது.
"காலாவதின்னு இல்லையே?"
"இல்ல. இன்னும்-னு இருக்கு."
"கடிகாரத்தைப் பாருங்க."

திரையின் மூலையில்
நாலு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.
கிடங்கில் பேட்டரி வற்றி
தனக்குத் தெரிந்த முதல் தேதிக்குப் போய்விட்டதாம்.

அந்த ஜனவரியில் படகு எங்களுடையது.
வவுனியா சிறையில் எத்தனை மணிக்குச் சோறு போடுவார்கள் என்று
அமல்தாசுக்குத் தெரியாது.
அவன் பெயரைத் தப்பாக எழுதிய வக்கீல் காகிதம்
எங்கள் வீட்டில் இல்லை.
நான் வேலை தேடவே ஆரம்பிக்கவில்லை.
இந்தப் பெட்டிக்கு மட்டும்
எதுவும் நடக்கவில்லை இன்னும்.

"மாத்திட்டீங்களா மேடம்?"
"இருங்க" என்றேன்.

மாற்றினேன்.
பூட்டு பச்சையானது.

அமல்தாஸ் பின்னால் வந்து நின்றிருந்தான்.
இப்போது சம்மாட்டி படகில் பங்குக்குப் போகிறான்,
காலையில் டோக்கன்.
"இப்ப நீ எந்த ஊர்ல இருக்குறதா காட்டுது?"
"ஃப்ராங்க்ஃபர்ட்."
"அங்க என்ன கடல்?"
"கடல் இல்ல."
அதை ஒரு குறையாக மனதில் குறித்துக்கொண்டான்.
பிறகு,
"இதப் படகுக்கு மாட்டலாமா?
எங்க வல போட்டாலும்
பாம்பன் பாலத்தடியில நிக்குறதா காட்டணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
நான் சிரிக்காமல் பிரணவிடம் கேட்டேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
"அது ரேடார் மேடம்" என்றான்.
"ரேடாருக்கு வீபிஎன் கிடையாது."
பிறகு காலி டம்ளரை வைக்கும் சத்தம்.

முதல் பில் வந்து விழுந்தது.
எந்த ஊர்க்காரரோ, இடுப்பெலும்பு,
ஒன்பது நாள் படுக்கை,
மருந்துக் கணக்கில் நாற்பது ரூபாய் உதைத்தது.
அதைத் தேடிக்கொண்டிருந்தபோது
அமல்தாஸ் மறுபடி வந்து கை நீட்டினான்.
வலையில் நாலு குண்டு குறைகிறதாம்.

துணியோடு எடுத்துக்கொண்டு போனான்.
காற்று உடனே கண்டுபிடித்துவிட்டது.
இடதுகையால் திரையைப் பிடித்துக்கொண்டு
வலதுகையால்
நாற்பது ரூபாயைத் தேடுகிறேன்.