மூன்றாவது பெட்டி

ஊட்ரம் ஆய்வுக்கூடம், இரவு இரண்டரை.
பட்டையில் ஒரே கோடு.
இல்லை என்கிறது.
ஒளியை எண்ணும் பெட்டியில்
பூஜ்யம் புள்ளி எட்டு;
ஒன்றைத் தொட்டால்தான் அது வாய் திறக்கும்.

போன வாரம் இறக்கிய மூன்றாவது மட்டும்
மரபிழையைப் பெருக்கிப் பெருக்கி
நாலு மணிக்கு
உண்டு என்றது.

சியூ ஹூன் நம்பவில்லை,
குழாயை மறுபடி ஏற்றினாள்.
மறுபடி உண்டு.

கிருமி மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஈரலுக்குள் படுத்திருக்கிறது.
முதலிரண்டும் தேடுவது
மேலங்கியை.

உட்லண்ட்ஸ்காரர்,
ரத்தம் கொடுப்பது இது இருபத்தேழாவது தடவை.
முந்தைய இருபத்தாறுக்கும்
அந்த இரண்டைக் கேட்டுத்தான்
சுத்தம் என்று எழுதினோம்.
கையெழுத்துகளில் ஏழு
என்னுடையவை.

யார் யாருக்குப் போனதென்ற பட்டியல்
அச்சாகிக்கொண்டே இருக்கிறது.
காலடியில்
முதல் ரயில்.