கழிவு

திம்மின்ஸில் காலை பதினொன்று. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பன்னிரண்டுக்கு வர்த்தகம் மூடுகிறது.
மேலாளர் மக்அலிஸ்டர் மேசைமேல் கால் நீட்டி
வெள்ளைப் பலகையைப் பார்த்தபடி.
இடப்பக்கம் ஒரு பெயர்: எமில் தெரியோ.
வலப்பக்கம் பெயரே இல்லை.
இரண்டாம் சுற்றுத் தேர்வு, வரும் ஆண்டு.
இரண்டாம் சுற்று இன்னொன்று, அதற்கும் நாலு வருடம் கழித்து.
நான்காம் சுற்று,
எமில் அங்கே போய் அரையிறுதி கண்டால் மட்டும்.

எமிலுக்கு வயது பத்தொன்பது.
இந்த ஐஸில் அது கிழட்டு வயது.
மே மாதத்தோடு லீக் அவனைக் கைகழுவும்,
அதற்குள் விற்றால்தான் விலை.
முப்பத்தாறு கோல். தைத்த தாடை.
பஸ்ஸில் கடைசி இருக்கையில்
சின்னப் பையன்களுக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொடுப்பான், பிழையாக.

"நீ கணக்குக்காரி, தர்மினி. நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்தது சீட்டுக் கணக்கு.
ஸ்கார்பரோவில் ஒரு நிலவறை, இருபது பேர்.
அவசரக்காரன் முதல் மாதமே
கழிவு கொடுத்து எடுப்பான்.
கடைசிவரை பொறுத்தவனுக்கு முழுத்தொகை,
தாய்ச்சி ஓடிப்போகாமல் இருந்தால்.
இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
"இங்கே தாய்ச்சி யார்?" என்றார்.
நீங்கள்தான் என்றேன்.
கால்களைக் கீழே இறக்கிக்கொண்டார்.

அந்த நாலு வருடத் தேர்வுக்கு
இப்போது பத்து வயது இருக்கும்.
தகப்பன் தண்ணீர் ஊற்றி உறையவைத்த கொல்லைப்புறத்தில்
ஸ்கேட் கயிறு கட்டத் தெரியாமல் அழுதுகொண்டிருப்பான்.
கடைவாய்ப் பல் விழுந்திருக்காது.
அடுத்த கோடையில் நீச்சல்தான் பிடிக்கும் என்றும் சொல்லக்கூடும்.
அவனை நம்பி எமிலை.

பழைய பேரேட்டைப் புரட்டினேன்.
ஏழு வருடம் முன், என் கையெழுத்து:
கோல் காப்பாளன் டாரன் ஹிக்கி, வெளியே.
ஒரு இரண்டாம் சுற்று, உள்ளே, பெயர் பிறகு.
அந்தப் பெயர் பிறகுதான் எமில்.
டாரன் போன ஊரில் தோள் கழன்று திரும்பிவந்து
நகராட்சியில் பனி வழிக்கிறான்.
இன்று காலை நம் வாசலையும் வழித்தான்,
இரண்டு தரம் ஹார்ன் அடித்தான்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. போன்.
களாக்காயும் பலாக்காயும் என் நாக்கில் உருண்டன,
மொழிபெயர்க்க நேரமில்லை.
மக்அலிஸ்டர் ஒரே சொல் சொன்னார்.
பலகையின் இடப்பக்கத்தை உள்ளங்கையால் துடைத்தார்.

படிவம் என் வேலை.
மட்டைகள் பதினொன்று, டேப் சுற்றாதவை மூன்று.
ஹெல்மெட் ஒன்று, திருப்பித் தரவேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே, இன்னும் ஒன்றும் தெரியாமல்,
எமில் தன் காரின் எஞ்சின் சூட்டு வயரைச் சொருகுகிறான்.
பிறகு என் காருக்கு வந்து,
நான் மறந்து தொங்கவிட்ட வயரின் பனியை ஊதித் தட்டி
அதையும் சொருகிவிட்டு,
கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடிவருகிறான்.

இதற்கு என் அட்டவணையில் கட்டம் கிடையாது.
பேனை நிற்கிறது.
உறைந்துவிட்டது என்று சொல்லமுடியாது,
உள்ளே சூடாகத்தான் இருக்கிறது.